கருப்பனுக்கு எட்டாத வழக்கு

அழகர்கோவிலுக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் அழகரைச் சேவிக்கப் போகிறார்கள். மீதிப் பேர் கருப்பனிடம் வழக்குச் சொல்லப் போகிறார்கள். இது நானாகப் போட்ட கணக்கு. தேவஸ்தானத்தார் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ராஜகோபுரத்தின் அடியில் அடைத்துக் கிடக்கும் அந்தப் பெரிய கதவும், அதன் மேல் அப்பியிருக்கும் சந்தனமும், கீழே இறங்கும் பதினெட்டுப் படிகளுந்தான் பதினெட்டாம்படிக் கருப்பு. விக்கிரகம் கிடையாது. கதவுதான் சாமி.

அந்தச் சாமி அங்கே வந்து சேர்ந்ததே ஒரு கடத்தல் விவகாரத்தினால்தான். அழகரின் சக்தியைக் கவர்ந்து கொண்டு போய்விடலாம் என்று மலையாள தேசத்திலிருந்து பதினெட்டு மந்திரவாதிகள் வந்தார்களாம். பிடிபட்டார்களாம். அவர்களைப் புதைத்த இடந்தான் பதினெட்டுப் படிகள். அவர்களோடு துணைக்கு வந்த காவல் தெய்வம் அழகரின் அழகில் மயங்கி, இனி இங்கேதான் காவல் என்று நின்றுவிட்டது என்பது ஐதீகம். எல்லை தாண்டி வந்து எடுத்துப் போக நினைத்ததைத் தடுத்த இடம் அது. ஆகவே, பொருளை இழந்தவனும் பிள்ளையை இழந்தவனும் அங்கே போய் நிற்பதில் ஆச்சரியம் இல்லை.

மதுரைச் சீமையில் கடன், பாகப்பிரிவினை, களவு என்று எந்தத் தகராறானாலும் முற்றிப்போனால், "வா, கருப்பன் படியிலே சத்தியம் பண்ணு" என்பார்கள். பொய் சொல்லத் துணிந்தவன்கூடப் பதினெட்டாம் படிக்கு முன்னால் கொஞ்சம் தயங்குவான். இது வெறும் நாட்டுப்புற நம்பிக்கை என்று நினைத்துவிடக் கூடாது. 1873-ஆம் வருஷத்து இந்தியப் பிரமாணச் சட்டத்திலேயே இதற்கு இடம் இருந்தது. ஒரு கட்சிக்காரர், "எதிராளி இன்ன விதமாகச் சத்தியம் செய்து சொல்லட்டும், நான் கட்டுப்படுகிறேன்" என்று கோர்ட்டில் சொன்னால், எதிராளி சம்மதித்துச் சத்தியமும் செய்துவிட்டால், வழக்கு அதோடு தீர்ந்தது. கோட்டுப் போட்ட ஜட்ஜ், மீசை வைத்த கருப்பனிடம் கட்டை அனுப்பி வைப்பதற்கு ஒப்பான காரியம். 1969-இல் புதுச் சட்டம் வந்தபோது இந்த ஏற்பாடு போய்விட்டது. சட்டத்திலிருந்து போனது, படியிலிருந்து போகவில்லை.

ஓர் ஆடி வெள்ளிக்கிழமை, அந்தப் படிக்கு எதிரே நிழலில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் மேலூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவரும் அவருடைய மகளும். மகளுக்கு முப்பது வயது இருக்கும். கையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு காகிதக் கட்டு. கோர்ட்டுக் காகிதம் என்று பார்த்தவுடனே தெரிந்தது. கதை எழுதுகிறவனுக்கு அடுத்தவர் கையில் இருக்கும் காகிதத்தைக் கண்டால் வாய் சும்மா இராது.

"என்னங்கய்யா, நிலத் தகராறா?" என்றேன்.

"நெலமா இருந்தா அது இருந்த எடத்துலேயே கெடக்குமே தம்பி. இது பேரன் வழக்கு" என்றார் பெரியவர்.

மருமகன் கடல் கடந்த தேசத்தில் வேலையில் இருக்கிறவர். லீவில் வந்தார். பதினைந்து நாள் அங்கே வைத்திருந்து கொண்டுவந்து விடுகிறேன் என்று பிள்ளையை அழைத்துப் போனார். இரண்டு வருஷம் ஆகிவிட்டது. இங்கே கோர்ட்டுக்குப் போனார்கள். பிள்ளை தாயாரிடந்தான் இருக்க வேண்டும் என்று தீர்ப்பும் ஆயிற்று.

"தீர்ப்பு நமக்குத்தான். தாள் இந்தா இருக்கு. புள்ளைதான் இல்ல" என்றார் பெரியவர், உறையைத் தட்டிக் காட்டி. பிறகு தாமாகவே சொன்னார்: "சரி, கருப்பன்கிட்டச் சத்தியத்துக்குக் கூப்பிடுவோம்னு வந்தோம். எதிராளியும் வந்து படியில நிக்கணும்ல தம்பி? அவரு இங்க வந்து நின்னாத்தான் நமக்குக் கருப்பனே வேண்டியதில்லையே!"

மகள் அதுவரை பேசவில்லை. இப்போது என்னைப் பார்த்து, "இந்த மாதிரி இதுக்கு முன்னால யாருக்காச்சும் நடந்திருக்கா சார்?" என்று கேட்டாள்.

நடந்திருக்கிறது. நூறு வருஷத்துக்கு முன்னாலேயே நம்முடைய சென்னை ராஜதானியில் நடந்திருக்கிறது. எனக்குத் தெரிந்ததை அந்த நிழலில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

மதனப்பள்ளியைச் சேர்ந்த ஜிட்டு நாராயணய்யா தெலுங்குப் பிராமணர். சென்னை சர்வகலாசாலையில் பட்டம் பெற்று, ரெவினியூ இலாகாவில் தாசில்தாராக இருந்து, 1907 கடைசியில் ஓய்வு பெற்றவர். அதற்கு இரண்டு வருஷம் முன்பு மனைவி சஞ்சீவம்மா காலமாகிவிட்டார். நூற்றுச் சொச்சம் ரூபாய் பென்ஷன். வீட்டில் தாயில்லாப் பையன்கள் நால்வர். பல வருஷங்களாகப் பிரம்மஞான சபையின் அங்கத்தினர். அடையாறில் சபையின் தலைமையகத்தில் ஏதாவது வேலை கொடுங்கள் என்று திரும்பத் திரும்ப எழுதி, 1909 ஜனவரியில் பையன்களோடு அங்கே வந்து சேர்ந்தார். காம்பவுண்டுக்கு வெளியே ஓர் இடிந்த குச்சு வீடு. அதிலே குடித்தனம்.

அந்த வருஷமே, சபையின் பிரமுகர்களில் ஒருவரான லெட்பீட்டர் என்ற ஆங்கிலேயர் அடையாற்றுக் கடற்கரையில் நாராயணய்யாவின் பையன் கிருஷ்ணமூர்த்தியைப் பார்த்தார். பையனுக்கு வயது பதினான்கு. நோஞ்சான். படிப்பில் மந்தம் என்று வாத்தியாரிடம் பிரம்படி வாங்குகிறவன். அவனைப் பார்த்து லெட்பீட்டர், இவன்தான் உலகத்துக்கு வரப் போகிற ஜகத்குரு என்றார். அந்த வருஷ முடிவில் வந்து சேர்ந்த சபைத் தலைவி அன்னி பெசன்ட் அம்மையாரும் அதை நம்பினார். 1910 மார்ச் 6-ஆம் தேதி, கிருஷ்ணமூர்த்தியையும் அவன் தம்பி நித்யானந்தத்தையும் அம்மையாரின் பாதுகாப்பில் ஒப்படைப்பதாக நாராயணய்யா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ஏன் கொடுத்தார்? இந்த இடத்தில் சரித்திரக்காரர்கள் ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள். என்னால் தாண்ட முடியவில்லை. பெண்சாதி இல்லை, வருமானம் குறைச்சல், பிள்ளைகளுக்குச் சீமைப் படிப்பு கிடைக்கும் என்கிறார்கள், கேட்கிறவரோ தாம் தெய்வமாக மதிக்கிற தலைவி. அதற்கு மேல், தம் வயிற்றுப் பிள்ளையை அவதார புருஷன் என்கிறார்கள். எந்தத் தகப்பனுக்குத்தான் தலை சுற்றாது? ஒரு நாள் பெருமை. மறு நாள் பயம். மற்றவர்கள் தம் பையன் காலில் விழுகிறதைப் பார்க்கிறபோது நாராயணய்யாவுக்கு எது மேலோங்கி நின்றிருக்கும் என்று நான் பல தடவை யோசித்தது உண்டு.

பயத்துக்குக் காரணமும் இருந்தது. லெட்பீட்டரைப் பற்றி முன்பே 1906-இல் ஓர் அபவாதம் எழுந்து, அவர் சபையை விட்டு விலகி, பிறகு திரும்பச் சேர்க்கப்பட்டிருந்தார். தம் பிள்ளைகள் அவருடைய நிழலில் இருக்கக் கூடாது என்று நாராயணய்யா மன்றாடினார். 1912 தொடக்கத்தில் பையன்களை இங்கிலாந்துக்கு அழைத்துப் போக அம்மையார் சம்மதம் கேட்டபோதும் இதுதான் அவருடைய நிபந்தனை. சம்மதம் கிடைத்தது, கப்பல் ஏறினார்கள். ஆனால் போன இடத்தில் பையன்கள் ஸிஸிலித் தீவில் லெட்பீட்டரோடு சில மாதங்கள் இருந்தார்கள். அந்த வருஷக் கோடையில் நாராயணய்யா, பிள்ளைகளை ஆகஸ்டு முடிவதற்குள் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்று அம்மையாருக்கு எழுதினார். அம்மையார் இந்தியா திரும்பினார். பையன்கள் திரும்பவில்லை.

மேலூர்ப் பெண்ணின் கதையும் இதே அச்சுதானே? தூக்கிக் கொண்டு ஓடுகிறது என்றால் நமக்கு உடனே இருட்டு, கார், வாயைப் பொத்துகிற கை எல்லாம் நினைவுக்கு வருகின்றன. சினிமா செய்த வேலை. நிஜத்தில் பெரும்பாலும் அப்படி இல்லை. டிக்கெட் வாங்கி, சொல்லிக் கொண்டு, கையை ஆட்டி வழியனுப்பித்தான் பிள்ளை போகிறது. போனதில் குற்றம் இல்லை, திரும்பாததுதான் குற்றம். இன்றைய சட்டம், கொண்டுபோவதையும் திருப்பாமல் வைத்துக்கொள்வதையும் ஒரே தராசில்தான் நிறுக்கிறது.

அடையாறு அப்போது செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தது. 1912 அக்டோபரில் நாராயணய்யா செங்கல்பட்டு ஜில்லாக் கோர்ட்டில் வழக்குப் போட்டார். அது சென்னை ஹைகோர்ட்டுக்கு மாற்றப்பட்டது. ஹிந்து பத்திரிகை அம்மையாரைக் கடுமையாகத் தாக்கி எழுதியது. நாராயணய்யா தரப்பில் இளைஞரான வக்கீல் சி. பி. ராமஸ்வாமி ஐயர். எதிர்த் தரப்பில் வக்கீலே இல்லை. அம்மையார் தாமே எழுந்து வாதாடினார். பிரசங்கத்தில் உலகத்தையே மயக்கியவர் அல்லவா? (அதே சி. பி. இன்னும் சில வருஷத்தில் அம்மையாரின் ஹோம் ரூல் இயக்கத்தில் சேர்ந்து அவருடைய வலது கையாக விளங்கினார். வக்கீல்களின் உலகத்தில் இது சகஜம்.)

1913 ஏப்ரல் 15-ஆம் தேதி ஜட்ஜ் பேக்வெல் தீர்ப்புச் சொன்னார். லெட்பீட்டர் மீது சொன்ன குற்றச்சாட்டு ருசுவாகவில்லை. ஆனாலும் பிள்ளைகள் கோர்ட்டின் பாதுகாப்பில் உள்ளவர்கள். மே 26-க்குள் அவர்களைத் தகப்பனாரிடம் ஒப்படைக்க வேண்டும். ருசுவாகாத குற்றச்சாட்டைச் சொன்னதற்காக வழக்குச் செலவு மட்டும் தகப்பனார் தலையில். அம்மையார் அப்பீல் செய்தார். அக்டோபரில் அப்பீலும் தள்ளுபடி. செலவும் இப்போது அம்மையார் பக்கம் திரும்பிற்று. நாராயணய்யாவுக்கு இரண்டு கோர்ட்டிலும் ஜயம். தாள் இந்தா இருக்கிறது என்று தட்டிக் காட்டலாம்.

பிள்ளைகளோ இங்கிலாந்தில். அவர்களை யாராவது கடத்திக் கொண்டு போய்விடுவார்களோ என்று அம்மையார் பயந்து, எப்போதும் துணைக்கு ஆள் இல்லாமல் வெளியே போகக் கூடாது என்று உத்தரவு போட்டிருந்தார். யார் யாருக்குப் பயப்படுவது என்று பாருங்கள்.

இந்தக் கட்டத்தில் அம்மையாரைக் கொடுமைக்காரி என்று தீர்த்துவிட்டுப் பேனாவை மூடுவது சுலபம். மூட விடாதபடி குறுக்கே வந்து நிற்கிறது அவருடைய பழைய கதை. முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்பு, இதே மாதிரி ஒரு கோர்ட்டில் அவர் எதிர்ப் பக்கம் நின்றவர். கணவர் பிராங்க் பெசன்ட், பாதிரியார். 1873-இல் பிரிந்தபோது மகன் டிக்பி தகப்பனிடம், மகள் மேபல் தாயிடம் என்று ஏற்பாடு. அம்மையார் நாஸ்திகம் பேசினார். சார்லஸ் பிராட்லாவோடு சேர்ந்து கர்ப்பத்தடை பற்றிய புத்தகத்தை வெளியிட்டு 1877-இல் கோர்ட்டு ஏறினார். மறு வருஷம், இப்படிப்பட்ட தாயிடம் பெண் குழந்தை வளரக் கூடாது என்று ஸர் ஜார்ஜ் ஜெஸ்ஸல் என்ற ஜட்ஜ் தீர்ப்பளித்தார். தாமே வாதாடிய வழக்கு அதுவும். எட்டு வயதுகூட நிரம்பாத மேபலைக் கதறக் கதறத் தூக்கிக் கொண்டு போனார்கள் என்று அம்மையாரே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். இடையிடையே பார்ப்பது குழந்தைகளுக்கும் வேதனை என்று கண்டு, அவர்கள் பெரியவர்களாகும் வரை பார்ப்பதே இல்லை என்று முடிவு செய்துகொண்டார். பெரியவர்களானதும் இருவரும் தாயைத் தேடி வந்தார்கள்.

அந்த வலியை அறிந்தவர் எப்படி இன்னொருவருக்கு அதைச் செய்தார்? நாவலாக இருந்தால், மேபலை நினைத்து ஓர் இரவு அழுது, மறுநாள் காலையில் கிருஷ்ணமூர்த்தியைக் கப்பல் ஏற்றி அனுப்பியிருப்பார். வாழ்க்கையில் நேர்மாறு. பறிகொடுத்தவர்தான் பிடியை இறுக்குகிறார். கோர்ட்டு என்பது பிள்ளையைப் பிடுங்குகிற இடம் என்று ஒரு தடவை கற்றுக்கொண்டவர், மறு தடவை அது தமக்கு எட்டாத தூரத்தில் பிள்ளையை வைத்துக்கொண்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் மனப்பூர்வமாக அந்தப் பையன்களை நேசித்தார் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. இம்மாதிரி வழக்குகளின் சங்கடமே அதுதான். இரண்டு பக்கமும் அன்புதான் நிற்கிறது.

வழக்கு லண்டன் பிரிவி கவுன்ஸிலுக்குப் போயிற்று. 1914 மே மாதம் தீர்ப்பு. சென்னைத் தீர்ப்புகள் இரண்டும் ரத்து. காரணம் கேளுங்கள். 1890-ஆம் வருஷத்துக் காப்பாளர் சட்டப்படி, மைனர் சாதாரணமாக எங்கே வசிக்கிறானோ அந்த ஜில்லாக் கோர்ட்டுக்குத்தான் அதிகாரம். பையன்கள் வசிப்பது இங்கிலாந்தில், செங்கல்பட்டில் அல்ல. மேலும், பையன்களின் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. அவர்கள் தரப்பில் பேச ஆளே இல்லாமல் அவர்களுடைய தலைவிதியைத் தீர்மானித்தது தவறு. வர மறுக்கிற பையன்களை அம்மையார் எப்படிப் பலவந்தமாகக் கப்பலில் ஏற்றுவது? தகப்பனார் வேண்டுமானால் இங்கிலாந்து ஹைகோர்ட்டில் மனுப் போட்டுக்கொள்ளலாம்.

வேடிக்கை என்னவென்றால், நாராயணய்யாவின் மூல வாதத்தை அதே தீர்ப்பு ஒப்புக்கொண்டது. பிள்ளைக்குக் காப்பாளராக இருப்பது தகப்பனுக்கு ஒரு புனிதமான பொறுப்பு. உயிரோடு இருக்கையில் அதை இன்னொருவர் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாது. வளர்க்கும்படி ஒப்படைக்கலாம், எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். இந்தக் கோட்பாட்டை இன்றைக்கும் நம் ஊர் வக்கீல்கள் எடுத்துக் காட்டுகிறார்கள். சட்டப் புத்தகத்தில் ஜயித்தவர் நாராயணய்யா. பிள்ளைகளைப் பெற்றவர் அம்மையார்.

லண்டனுக்குப் போய் நாராயணய்யா மனுப் போடவில்லை. பென்ஷன் வாங்குகிற தாசில்தார் எந்தப் பணத்தில் போவார்? இன்னொன்றும் உண்டு. வழக்குத் தொடங்கும்போது மூத்த பையனுக்கு வயது பதினேழு. தீர்ப்பு வரும்போது பத்தொன்பது. வழக்கு நடக்கிற வேகத்தைவிடப் பிள்ளை வளர்கிற வேகம் அதிகம். வைத்திருக்கிறவனுக்கு வாய்தா எல்லாமே லாபம்.

கடலும் காலமுமாகச் சேர்ந்து செய்கிற இந்த அநியாயத்தைத் தடுக்கத்தான் 1980-இல் ஹேக் நகரத்தில் ஓர் உடன்படிக்கை செய்தார்கள். நல்ல தகப்பன் யார், நல்ல தாய் யார் என்று அது விசாரிப்பதில்லை. பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளை வழக்கமாக எந்த நாட்டில் வசித்ததோ அங்கே முதலில் திருப்பி அனுப்பு. மற்றதை அந்த நாட்டுக் கோர்ட்டு பார்த்துக்கொள்ளும் என்பதுதான் சாரம். ஆறு வாரத்துக்குள் முடிவு சொல்லப் பார்க்க வேண்டும். ஒரு வருஷம் கடந்து பிள்ளை புது இடத்தில் வேரூன்றிவிட்டால் அனுப்ப மறுக்கலாம். போனால் பிள்ளைக்குப் பெரிய ஆபத்து என்றாலும், விவரம் தெரிந்த பிள்ளையே வர மாட்டேன் என்றாலும் மறுக்கலாம். நூற்றுக்கு மேற்பட்ட தேசங்கள் சேர்ந்திருக்கின்றன. பக்கத்து இலங்கை 2001-இலேயே சேர்ந்தது. இந்தியா சேரவில்லை.

ஏன் சேரவில்லை என்பதற்கு நியாயமான பதில் உண்டு. அயல் தேசத்தில் புருஷனிடம் அடியும் உதையும் வாங்கி, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்கு ஓடிவருகிற பெண்ணைக் குற்றவாளியாக்கி, பிள்ளையைப் பிடுங்கித் திருப்பி அனுப்பச் சொல்கிறீர்களா என்று கேட்கிறார்கள். சட்டக் கமிஷன் 2009-இல் சேரலாம் என்றது, 2016-இல் மறுபடி அறிக்கை தந்தது, மசோதாவுக்கு நகலும் தயாராயிற்று, சட்டமாகவில்லை. இதற்கிடையில் உச்ச நீதிமன்றம் வழக்குக்கு வழக்கு பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவிலிருந்து தாய் கொண்டுவந்த ஒரு பையனை, இரண்டு வருஷம் ஊர் ஊராகத் தேடி, கடைசியில் சி.பி.ஐ. சென்னையில் கண்டுபிடித்தது. 2009-இல் அவனை அமெரிக்காவுக்கே அழைத்துப் போக உத்தரவாயிற்று. 2017-இல் இன்னொரு வழக்கில், அயல்நாட்டுக் கோர்ட்டின் உத்தரவு ஓர் அம்சமே தவிர முடிவல்ல, பிள்ளையின் நலமே பெரிது என்று சொல்லி, பெண் குழந்தையைத் தாயிடமே விட்டது.

இந்த விவாதத்தில் எல்லாருமே வருகிற பிள்ளைகளைப் பற்றித்தான் பேசுகிறார்கள். போகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்பது அழகர்கோவில் படியடியில் உட்கார்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது. நாம் சேராத உடன்படிக்கையை நாம் கேட்கவும் முடியாது. ஓடிவருகிற பெண்ணுக்குக் காவலாகப் போட்ட அதே வேலி, மேலூர்ப் பெண்ணுக்குக் குறுக்கே நிற்கிறது. அவளுடைய வக்கீல் சொன்ன யோசனை, பிரிவி கவுன்ஸில் நாராயணய்யாவுக்குச் சொன்ன யோசனையேதான்: பிள்ளை இருக்கிற தேசத்துக் கோர்ட்டில் போய்க் கேள்.

கல்லூரிப் படிப்பை இரண்டு வருஷத்தோடு நிறுத்திக்கொண்டவன் நான். சட்டம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. பிரிவி கவுன்ஸில் தீர்ப்பு வரைக்கும் சொல்லிவிட்டு நிறுத்தினேன். அந்தப் பெண் விடவில்லை.

"அப்புறம் அந்தப் பிள்ளைங்க அப்பாவைப் பார்க்கவே இல்லையா சார்?"

"பார்த்தார்கள் அம்மா. 1921 டிசம்பரில் இந்தியாவுக்கு வந்தபோது சென்னையில் போய்ப் பார்த்தார்கள். புறப்பட்டுப் போய்ப் பத்து வருஷம் ஆகியிருந்தது. பெரியவனுக்கு இருபத்தாறு வயது. அதற்குப் பிறகு இரண்டு மூன்று வருஷந்தான் தகப்பனார் இருந்தார், 1924-இல் போய்விட்டார். சின்னவனும் மறு வருஷமே காச நோயில் அமெரிக்காவில் போய்விட்டான். பெரியவர் 1929-இல், நான் யாருக்கும் குரு இல்லை என்று சொல்லித் தமக்காக ஏற்படுத்தின சங்கத்தையே கலைத்துவிட்டார். தொண்ணூறு வயது இருந்தார்."

அவள் குருவைப் பற்றியெல்லாம் கேட்கவில்லை.

"பார்த்தப்ப என்ன பேசிக்கிட்டாங்க?"

"கிருஷ்ணமூர்த்திக்குத் தெலுங்கு மறந்து போயிருந்தது. தகப்பனார் பி. ஏ. படித்தவர். இங்கிலீஷில்தான் பேசியிருப்பார்கள்."

அவள் காகிதக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போன மாசம் போன்ல பேசினான் சார். முன்னெல்லாம் 'அப்பச்சி எங்கே'ன்னு கேப்பான். இப்ப நான் சொல்றது அவனுக்குப் பாதி புரியுது. அவன் சொல்றது எனக்குப் பாதி புரியுது. எங்க அப்பாவுக்கு ஒண்ணுமே புரியல."

பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "மேலூர் பஸ் வந்திரும், வா" என்றார். போகிற போக்கில் படியில் சிந்திக் கிடந்த சந்தனத்தைக் கொஞ்சம் வழித்து ஒரு காகிதத்தில் மடித்து, மகள் கையில் இருந்த உறைக்குள் தீர்ப்போடு சேர்த்து வைத்தார்.